வகுத்தல் எங்கே போனது?

நாம் எழுதும் நிரலைப் பிராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். மாற்றுகிற சாக்கில் அது வேலையையும் குறைத்து, மின்சாரத்தையும் மிச்சம் பிடிக்கிறது என்று சென்ற மாதம் இந்தப் பகுதியில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வகுத்தலைக்கூடப் பெருக்கலாக மாற்றிவிடும் என்று போகிற போக்கில் சொன்ன ஒரு வரிதான் பலரைக் கிளப்பிவிட்டிருக்கிறது. கம்பைலர் குழுக்களில் நெடுங்காலம் குப்பை கொட்டியவனிடம் வாயைக் கொடுத்துவிட்டீர்கள். இந்த மாதம் முழுக்க அதுதான்.

கேள்வி: 1 முதல் 100 கோடி வரை கூட்டும் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) ஒன்றை சி மொழியில் எழுதி, கிளாங் கம்பைலரில் நிரலை வேகப்படுத்தச் சொல்லும் ஓ2 அமைப்பைக் கொடுத்து ஓட்டினேன். ஆன நேரம் பூஜ்யம் என்கிறது. என் பழைய மடிக்கணினிக்கு இவ்வளவு வேகமா?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

உங்கள் மடிக்கணினி பாவம் தம்பி, அது ஒன்றுமே செய்யவில்லை. கம்பைலர் உங்கள் லூப்பைப் பார்த்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடும் எண்ணை மொத்தத்தோடு சேர்க்கிறார், இது கூட்டுத்தொடர் என்று கண்டுகொண்டது. பள்ளியில் படித்த சூத்திரத்தைப் போட்டு விடையைத் தானே கணக்கிட்டு எழுதிவிட்டது. நம்பிக்கை இல்லையென்றால் பிராசஸருக்கான கட்டளைகளை எழுத்தில் காட்டும், கம்பைலர் வெளியிடும் அசெம்ப்ளிக் கோப்பைத் திறந்து பாருங்கள். லூப் இருக்காது. 500000000500000000 என்ற எண் மட்டும் உட்கார்ந்திருக்கும். எல்லையை நிரலுக்குள் எழுதாமல் விசைப்பலகையிலிருந்து வாங்கினால், எண்ணுக்குப் பதிலாக ஒரு பெருக்கலும் இரண்டால் வகுக்க ஒரு நகர்த்தலும் இருக்கும். அப்போதும் லூப் இருக்காது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். மொத்தத்தை அச்சிடும் வரியை நீக்கிவிடுங்கள். அந்த எண்ணும் காணாமல் போகும். யாரும் கேட்காத விடையை ஏன் கணக்கிட வேண்டும் என்பது கம்பைலரின் நியாயம். கணினியின் வேகத்தை அளக்கப் புறப்படுகிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

கேள்வி: கம்பைலர் வகுத்தலைப் பெருக்கலாக மாற்றும் என்று எழுதியிருந்தீர்கள். தசமத்தில் 0.1ஆல் பெருக்கலாம், சரி. முழு எண்களில் அது எப்படி முடியும்? தோராயமாக வந்தால் பரவாயில்லை என்று விட்டுவிடுவார்களா?
– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், மன்னார்குடி

தோராயம் இல்லை ஐயா, கடைசி இலக்கம்வரை சரியாக வரும். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

3435973837. பத்தால் வகுக்கச் சொன்னால் கம்பைலர் கையில் எடுக்கும் எண் இதுதான். இதைப் பத்தால் பெருக்கினால் 34359738370. இரண்டின் 35ஆம் அடுக்கு 34359738368. இடையே வித்தியாசம் வெறும் 2. ஆகவே, எந்த எண்ணையும் 3435973837ஆல் பெருக்கி, வருவதை இரண்டின் 35ஆம் அடுக்கால் வகுத்தால், பத்தால் வகுத்ததற்கு மிக அருகில் வந்துவிடும். இரண்டின் அடுக்கால் வகுப்பது பிராசஸருக்கு வகுத்தலே அல்ல. இரும எண்ணின் கடைசி 35 இலக்கங்களை வெட்டி எறிந்தால் முடிந்தது. 97ஐப் போட்டுப் பாருங்கள். பெருக்கினால் 333289462189. வெட்டினால் 9 மிஞ்சும்.

"மிக அருகில்" என்றதும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். இங்கே அந்த இரண்டு மிகையாக இருப்பதால் விடை சற்றே கூடுதலாக வருகிறது. எவ்வளவு கூடுதல்? நாம் வகுக்கும் எண்ணை, இரண்டின் 35ஆம் அடுக்கின் ஐந்து மடங்கால் வகுத்தால் என்ன வருமோ அவ்வளவு. கம்பைலர் இங்கே கையாளுவது 32 பிட் எண், அதாவது 32 இரும இலக்கங்களில் அடங்கும் எண். அது எதுவும் இரண்டின் 32ஆம் அடுக்கை எட்டாது. ஆகவே பிழை நாற்பதில் ஒரு பங்கைக்கூட எட்டாது, அதாவது 0.025க்குள். பத்தால் வகுக்கும்போது மீதி அதிகபட்சம் 9, எனவே தசமப் பகுதி 0.9ஐத் தாண்டாது. அடுத்த முழு எண்ணுக்கு இன்னும் 0.1 தூரம் இருக்கிறது. 0.025 பிழையால் அந்தத் தூரத்தைத் தாண்ட முடியாது. வெட்டிய பிறகு விடை எப்போதும் சரி.

பத்துக்கு மட்டுமல்ல, முன்கூட்டியே தெரிந்த எந்த எண்ணால் வகுப்பதற்கும் இப்படி ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கும் முறையை 1994இல் கிரான்லுண்ட், மான்ட்கோமரி என்ற இருவர் வகுத்துக் கொடுத்தார்கள். அன்றைய பிராசஸர்களில் ஒரு வகுத்தல் எடுக்கும் நேரத்தில் பல பெருக்கல்களை முடித்துவிடலாம். இடைவெளி குறைந்திருந்தாலும் இன்றும் பெருக்கல்தான் மலிவு. ஒரு எண்ணைத் திரையில் காட்ட அதை இலக்கம் இலக்கமாகப் பிரிக்க வேண்டும், பிரிப்பதற்கு வகுக்க வேண்டும். உலகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை எண்கள் திரையேறுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். கம்பைலர் செய்யும் நூற்றுக்கணக்கான திருத்தங்களில் இது ஒன்றுதான். எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

கேள்வி: ஆண்ட்ராய்டு கைபேசிகளில் புதிய பதிப்பை ஏற்றியதும் "ஆப்கள் மேம்படுத்தப்படுகின்றன" என்று நெடுநேரம் ஓடுகிறதே, என்ன நடக்கிறது? வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.
– கைபேசிப் பழுதுபார்ப்புக் கடைக்காரர், திண்டுக்கல்

கம்பைலர் ஓடுகிறது என்று சொல்லுங்கள். உங்கள் வாடிக்கையாளரின் கைக்குள்ளேயே ஒரு கம்பைலர் இருக்கிறது.

ஆண்ட்ராய்டு ஆப் ஒன்று கைபேசிக்கு வரும்போது அதன் பெரும்பகுதி பிராசஸரின் கட்டளையாக வருவதில்லை, இடைநிலை வடிவத்தில் வருகிறது. முன்பு டால்விக் என்ற அமைப்பு, ஆப் ஓடும்போதே அதைப் படித்துப் படித்து நடத்தியது. அடிக்கடி ஓடும் பகுதிகளை அவ்வப்போது மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு முறை ஆப்பைத் திறக்கும்போதும் அதே உழைப்பு, அதே பேட்டரி. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 அதைத் தூக்கிவிட்டு, ஏஆர்டி என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. ஆப்பை நிறுவும்போதே முழுவதையும் ஒரேயடியாக மாற்றி வைத்துவிடும். ஓடும்போது சுகம்தான். ஆனால் நிறுவுவதற்கு நேரம் பிடித்தது, இடத்தையும் அடைத்தது. இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டால் எல்லா ஆப்களையும் மறுபடி மாற்ற வேண்டும். நீங்கள் சொல்லும் அந்த நீண்ட காத்திருப்பு அதுதான்.

2016இல் ஆண்ட்ராய்டு 7.0 நடுவழியைப் பிடித்தது. ஆப்பின் எந்தப் பகுதியை இந்த மனிதர் உண்மையில் பயன்படுத்துகிறார் என்று குறிப்பெடுத்துக்கொண்டு, கைபேசி சார்ஜில் போடப்பட்டுச் சும்மா கிடக்கும் நேரத்தில் அந்தப் பகுதியை மட்டும் மாற்றி வைக்கும். என் கணிப்பில் கம்பைலர் ஆராய்ச்சி சாமானியர் கைக்கு வந்து சேர்ந்த வழிகளில் இதுவே ஆகச் சிறந்தது. ஒரு ஆப்பில் நாம் தொடாத மூலை முடுக்குகள்தாம் அதிகம், அவற்றை மாற்றுவதற்கு மின்சாரம் எதற்கு? இரவில் சார்ஜ் போட்டால் மறுநாள் ஆப் சற்று வேகமாகத் திறப்பதுபோல் தோன்றினால், அது பிரமையாகவே இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: சி மொழியைவிடப் பைத்தான் 75 மடங்கு மின்சாரம் தின்கிறது என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. என் மகன் பைத்தான் படிக்கிறான். வேறு மொழி படிக்கச் சொல்லட்டுமா?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

வேண்டாம் அம்மா, படிக்கட்டும்.

அந்தப் படத்தின் மூலம் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கட்டுரை. 27 மொழிகளில் ஒரே மாதிரியான சிறு நிரல்களை ஓட்டி, பிராசஸர் தின்ற மின்சாரத்தை அளந்தார்கள். சி மொழியை 1 என்று வைத்தால் ரஸ்ட் 1.03, ஜாவா 1.98, பைத்தான் 75.88. அளந்தவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. படத்தை மட்டும் கத்தரித்துச் சுற்றவிட்டவர்கள்மேல்தான். அதே அட்டவணையில் இன்னொரு வரி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் 4.45, டைப்ஸ்கிரிப்ட் 21.50. டைப்ஸ்கிரிப்ட் நிரல் ஓடுவதற்கு முன் ஜாவாஸ்கிரிப்டாகத்தான் மாற்றப்படுகிறது. பிறகு எப்படி ஐந்து மடங்கு? இரண்டிலும் எழுதப்பட்ட நிரல்கள் வேறு வேறு, அவ்வளவுதான். மொழியை அளப்பதாக நினைத்து, எழுதியவரின் கைவண்ணத்தை அளந்திருக்கிறார்கள்.

பிறகு 2024இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதை நோண்டிப் பார்த்தார்கள். பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளான கோர்கள் எத்தனை ஓடின, நினைவகத்தை எவ்வளவு தொட்டது என்பவற்றைக் கணக்கில் எடுத்தபின், மின்சாரம் ஓடும் நேரத்தை ஒட்டியே போகிறது என்று கண்டார்கள். மொழிக்கென்று தனி மின்பசி கிடையாது. வேகமாக முடித்தால் குறைவாகத் தின்னும்.

பைத்தான் மெதுவானது என்பது பொய்யில்லை. ஆனால் உங்கள் மகன் பெரிய கணக்கு எதையும் பைத்தானிலேயே போடப்போவதில்லை. நம்பை போன்ற, பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் நூலகங்களை அழைப்பான், அவற்றின் உள்ளே உழைப்பது சி மொழி. பைத்தானும் சும்மா இல்லை. 2022இல் வந்த 3.11 பதிப்பு, முந்தையதைவிடச் சராசரியாக 25 சதவீதம் வேகமானது. அவன் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் கிடைத்த லாபம் அது.

கேள்வி: ஏழு மணி நேரம் ஓடிய பைத்தான் நிரலை அரை வினாடிக்குள் கொண்டுவந்தார்கள் என்று மேற்கோள் காட்டுகிறார்களே, அதில் கம்பைலரின் பங்கு எவ்வளவு? மனிதனின் பங்கு எவ்வளவு?
– மென்பொருள் பொறியாளர், சோழிங்கநல்லூர்

நல்ல கேள்வி. இதற்காகவே மற்றக் கடிதங்களைச் சுருக்கினேன்.

2020இல் சயின்ஸ் இதழில் எம்ஐடியின் சார்லஸ் லெய்சர்சனும் சகாக்களும் எழுதிய கட்டுரை அது. 4096 கிடைவரிசை, 4096 நெடுவரிசை கொண்ட இரண்டு அணிகளை (மேட்ரிக்ஸ்) பெருக்குவதுதான் வேலை. ஏறத்தாழ 6,872 கோடிப் பெருக்கல்கள். 18 கோர் கொண்ட கணினி. பைத்தான் 2இல் 25,552 வினாடி. ஜாவாவில் எழுதினால் 2,372. சி மொழியில் 542. அதாவது முழுதும் கம்பைலரிடம் ஒப்படைத்ததற்கே 47 மடங்கு லாபம். இதோடு கதை முடிந்துவிட்டதென்றுதான் நம்மில் பலர் கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். எல்லாக் கோர்களுக்கும் பிரித்துக் கொடுத்ததும் 69.8 வினாடி. இனிதான் பெரிய தாவல். அணியைத் துண்டு துண்டாகப் பிரித்து, கையில் இருக்கும் துண்டை முடித்த பிறகே அடுத்ததைத் தொடும்படி கணக்கின் வரிசையை மாற்றினார்கள். 3.8 வினாடி. ஒரு பெருக்கலும் குறையவில்லை, வரிசை மட்டும் மாறியது, 18 மடங்கு. பிறகு ஒரே கட்டளையில் பல எண்களைப் பெருக்கும் வசதியைக் கம்பைலர் மூலம் பயன்படுத்தி 1.1. கடைசியில் அந்தக் கட்டளைகளைக் கையாலேயே தேர்ந்தெடுத்து எழுதி 0.41.

ஏன் வரிசை மாற்றத்துக்கு இவ்வளவு பலன்? ஒரு அணியே 128 எம்பி. பிராசஸருக்குள் இருக்கும் சிறு நினைவகமான கேஷில் அடங்காது. நினைவகத்திலிருந்து எப்போது எதைக் கேட்டாலும் 64 பைட் கொண்ட கட்டாகத்தான் வரும், அதாவது எட்டு எண்கள். அணியைக் கிடைமட்டமாகப் படித்தால் எட்டும் பயன்படும். நெடுக்காகப் படித்தால் அடுத்த எண் 32,768 பைட் தள்ளி இருக்கிறது. எட்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏழை வீசிவிட்டு, அடுத்த கட்டுக்கு ஓட வேண்டும். பட்டியலில் எட்டுப் பொருள் இருக்க, கடுகுக்கு ஒரு நடை, பெருங்காயத்துக்கு ஒரு நடை என்று மளிகைக் கடைக்குப் போவது மாதிரி.

மின்சாரமும் அந்த நடையில்தான் போகிறது. ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹொரோவிட்ஸ் 2014இல் ஒரு கணக்குக் காட்டினார். 45 நானோமீட்டர் சில்லில் இரண்டு முழு எண்களைக் கூட்ட 0.1 பிகோஜூல். வெளி நினைவகத்தை ஒருமுறை தொட 1,300 முதல் 2,600 பிகோஜூல். கூட்டுவது இலவசம், கொண்டுவருவதுதான் செலவு என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் அந்த வரிசை மாற்றத்தைக் கம்பைலரே செய்யக் கூடாதா என்பீர்கள். செய்யலாம். ஆனால் வரிசையை மாற்றினாலும் விடை மாறாது என்று அது முதலில் நிரூபிக்க வேண்டும். மனிதனுக்குக் கண்ணால் தெரிவது அதற்குத் தெரியாது. லூப்பின் ஒவ்வொரு சுற்றையும் ஒரு புள்ளியாக்கி, முழு லூப்பையும் பலதளக் கனவடிவமாகப் பாவித்து, எந்தப் புள்ளி எதற்காகக் காத்திருக்கிறது என்று சமன்பாடு எழுதித் தீர்க்கும் முறையை பிரான்ஸின் பால் ஃபோத்ரியே வளர்த்தெடுத்தார். அதை நடைமுறைக் கருவியாக்கிக் காட்டியது 2008இல் வெளியான புளூட்டோ. அதை உருவாக்கிய உதய் பொந்துகுலா சென்னை ஐஐடியில் பி.டெக் படித்தவர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது செய்த வேலை அது. பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார். நீங்கள் மூன்றடுக்கு லூப்பை அப்பாவியாக எழுதிக் கொடுத்தால், புளூட்டோ அதைத் துண்டு போட்டு, கோர்களுக்குப் பிரித்தும் கொடுத்துவிடும்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: லூப்பும் அணியும் உள்ள இடத்தில் கம்பைலர் மனிதனை நெருங்கிவிட்டது. நினைவக முகவரிகளைக் குறித்துவைக்கும் சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு நினைவகம் முழுக்க அலையும் நிரல்களில் இன்னும் வெகுதூரம் பின்தங்கியிருக்கிறது. நம் அலுவலகங்களில் எழுதப்படுவது பெரும்பாலும் இரண்டாவது வகை. கம்பைலர் ஆய்வாளர் டாட் புரோப்ஸ்டிங் 1998இல் பாதி விளையாட்டாக ஒரு விதி சொன்னார்: கம்பைலர் ஆராய்ச்சியால் கணினியின் வேகம் இரட்டிப்பாக 18 ஆண்டு ஆகும். ஆண்டுக்கு நாலு சதவீதம். சில்லு தயாரிப்பவர்கள் வேகத்தை அள்ளி அள்ளித் தந்த காலத்தில் எல்லோரும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

கேள்வி: நாலு சதவீதத்துக்கா இத்தனை ஆராய்ச்சி?
– வங்கி ஊழியர், கும்பகோணம்

வட்டி விகிதத்தில் கால் சதவீதத்துக்குச் சண்டை போடும் துறையிலிருந்து இந்தக் கேள்வி வருகிறது! உலக மின்சாரத்தில் ஏறத்தாழ 1.5 சதவீதத்தை 2024இல் தரவு மையங்கள் பயன்படுத்தியதாகச் சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு. 415 டெராவாட் மணி. ஃபேஸ்புக் பொறியாளர்கள் உருவாக்கிய போல்ட் என்ற கருவி, ஏற்கெனவே கம்பைலர் மெருகேற்றி முடித்த நிரலை மறுபடி எடுத்து, அடிக்கடி ஓடும் கட்டளைகளை அருகருகே அடுக்குகிறது. முக்கிய வேலை இந்த அடுக்கல்தான். தங்கள் தரவு மைய நிரல்களில் 7 சதவீதம்வரை வேகம் கூடியதாக 2019இல் எழுதினார்கள். இலட்சக்கணக்கான கணினிகளில் அதன் மதிப்பை நீங்களே கணக்குப் போடுங்கள், அது உங்கள் தொழில்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்தபின் கம்பைலர் ஆராய்ச்சியாளர்களுக்கு வேலை இருக்குமா?
– ஆய்வு மாணவி, திருச்சி

இருக்கும். 2023இல் கூகுளின் டீப்மைண்ட் உருவாக்கிய ஆல்ஃபாதேவ் என்ற செயற்கை நுண்ணறிவு, மூன்று, ஐந்து எண்களை வரிசைப்படுத்தும் குட்டி நிரல்களில் சில கட்டளைகளை மிச்சம் பிடித்தது. மிகச் சிறிய பட்டியல்களில் 70 சதவீதம்வரை வேகம் என்று தலைப்புச் செய்தி. இரண்டரை இலட்சம் எண்களைத் தாண்டினால் லாபம் 1.7 சதவீதம் என்பது உள்பக்கத்தில். மட்டமாகச் சொல்லவில்லை, அது உண்மையான சாதனை. ஆனால் மிகக் குறுகிய நிரலைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை ஹென்றி மசாலின் 1987இலேயே தொடங்கிவிட்டார். புது ஆள் பழைய வரிசையில் வந்து சேர்ந்திருக்கிறார்.

கேள்வி: கம்பைலர் தப்புச் செய்யுமா? அல்லது பழி எப்போதும் எங்கள்மேல்தானா?
– பெயர் வெளியிட விரும்பாதவர், சேலம்

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை உங்கள்மேல்தான். மீதி ஒன்று உண்மையானது. யூட்டா பல்கலைக்கழகத்தினர் சீஸ்மித் என்ற கருவியால் ஏறுமாறான நிரல்களைத் தானாக உருவாக்கிப் பல கம்பைலர்களிடம் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் 325க்கும் மேற்பட்ட பிழைகள் சிக்கியதாக 2011இல் எழுதினார்கள். பிரான்ஸின் சேவியர் லெருவா குழுவின் காம்ப்செர்ட் கம்பைலரில், கணித நிரூபணத்தோடு எழுதப்பட்ட நடுப்பகுதியில் மட்டும் தவறான கட்டளை தரும் பிழை ஒன்றுகூட அகப்படவில்லை.

சங்கடமானது இடைப்பட்ட வகை. 2009இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் ஒரு பகுதியில், சுட்டி ஒன்றை முதலில் பயன்படுத்திவிட்டு, அது எங்கும் சுட்டாத வெற்றுச் சுட்டியா என்று அடுத்த வரிகளில் சோதித்திருந்தார்கள். ஜிசிசி என்ற கம்பைலர் யோசித்தது: ஏற்கெனவே பயன்படுத்தியாகிவிட்டது, எனவே வெற்றாக இருக்க முடியாது, எனவே சோதனை வீண். நீக்கிவிட்டது. பாதுகாப்பில் ஓட்டை விழுந்தது. மொழியின் சட்டப்படி கம்பைலர் செய்தது குற்றமில்லை. அதன் பிறகு அந்த வகைச் சோதனைகளை நீக்காதே என்று சொல்லித்தான் கெர்னலைக் கம்பைல் செய்கிறார்கள். கம்பைலர் எழுதும் நாங்கள் இம்மாதிரி வழக்குகளில் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டித் தப்பித்துக்கொள்கிறோம். எனக்கு அதில் பெருமை கிடையாது.

கேள்வி: ஓ2க்குப் பதில், இன்னும் கூடுதலாக மெருகேற்றச் சொல்லும் ஓ3 கொடுத்தேன். நிரல் 4 சதவீதம் வேகமாகிவிட்டது. எல்லோரும் ஓ3 பயன்படுத்தலாமே?
– மென்பொருள் பயிற்சியாளர், மதுரை

ஒரே கணினியில், ஒரே பயனர் கணக்கில் அளந்தீர்கள் அல்லவா? 2009இல் மித்கோவிச், திவான், ஹவுஸ்விர்த், ஸ்வீனி என்ற நால்வர் இதே ஓ2, ஓ3 பந்தயத்தை வைத்துப் பார்த்தார்கள். நிரலைத் தொடவில்லை. லினக்ஸில் நிரலோடு கூடவே போகும் சூழல் மாறிகளின் மொத்த நீளத்தை மட்டும் மாற்றினார்கள். பயனர் பெயர், கோப்பகத்தின் பெயர் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. நீளம் மாறினால் நினைவகத்தில், நிரல் தன் தற்காலிக மதிப்புகளை வைக்கும் ஸ்டாக் என்ற பகுதி தொடங்கும் இடம் நகர்கிறது. அந்த நகர்வுக்கே ஓ3 சில நேரம் ஜெயித்தது, சில நேரம் தோற்றது. கோப்புகளை இணைக்கும் வரிசையை மாற்றினாலும் அதே கூத்து. பிறகு 2013இல் கர்ட்சிங்கர், பெர்கர் இருவரும் இடங்களைக் குலுக்கிக் குலுக்கி அளந்துவிட்டு, ஓ2ஐவிட ஓ3 தரும் கூடுதல் பலனை இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியவில்லை என்றார்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இணைக்கும் வரிசையை மாற்றிப் பலமுறை அளங்கள். உங்கள் பயனர் பெயரைவிட நீளமான பெயருள்ள நண்பரின் கணக்கிலிருந்தும் ஓட்டுங்கள். இன்டெல் பிராசஸராக இருந்தால், 2011இலிருந்து வந்தவற்றில் மின்சாரத்தைக் காட்டும் மானி உள்ளேயே இருக்கிறது. லினக்ஸின் பெர்ஃப் கருவி அதைப் படித்துச் சொல்லும், ஜூல் கணக்கையும் எழுதிக்கொள்ளுங்கள். அத்தனைக்கும் பிறகு அந்த 4 சதவீதம் தாக்குப்பிடித்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.